இரும்புக்கும் உண்டு பத்துப் பொருத்தம்!

ஃபைல் என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வகைதான். பழுப்பு அட்டை, நடுவில் நாடா, உள்ளே தூசி. ஒரு மேஜையிலிருந்து பக்கத்து மேஜைக்குப் போக மூன்று மாசம் எடுத்துக்கொள்ளும். பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வேறென்ன தெரியும்?

இன்னொரு வகை ஃபைலும் உண்டு என்று 2023 நவம்பரில் ஒரு ராத்திரி தெரிந்துகொண்டேன். இது சொன்ன உடனே நகரும். ஆனால் நகர்த்துகிறவன் உள்ளங்கையில் கொப்புளம் வரும். தமிழில் அரம்.

அக்கா பையன் அந்த வருஷம்தான் என்ஜினீயரிங் சேர்ந்திருந்தான். கோவையைச் சுற்றி மூலைக்கு மூலை இருக்கிற கல்லூரிகளில் ஒன்று. பெயர் வேண்டாம், பையன் டிகிரி வாங்க வேண்டாமா! எடுத்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஸீட் கிடைத்த அன்றைக்கு அக்கா தெரு முழுக்க மைசூர்பா கொடுத்தாள். "என்ற பையன் ஏ.சி. ரூம்ல உக்காந்து பொட்டி தட்டுவான். கையில ஒரு பொட்டு கிரீஸ் படாது" என்று ஊருக்கே அறிவித்தாள்.

அறிவித்து இரண்டே மாசம். காக்கிச் சட்டை, காக்கி பேண்ட், கறுப்பு ஷூவோடு பையனிடமிருந்து ஒரு போட்டோ வந்தது.

"ஆட்டோவை எந்த ஸ்டாண்டுல போட்டிருக்கே?" என்று கேட்டேன்.

"ஒர்க்‌ஷாப் யூனிஃபார்ம் மாமா!" அழுகிற பொம்மை ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தான்.

விஷயம் என்னவென்றால், சிவில் ஆகட்டும், கம்ப்யூட்டர் ஆகட்டும், முதல் வருஷம் எல்லோரும் பட்டறைக்குள் போய் வந்தே தீரவேண்டும். இரண்டு மரத்துண்டைப் பாதிப் பாதி செதுக்கிக் குறுக்கே பொருத்துவது, குழாய் ஜாயின்ட் போடுவது, தகரத்தை வெட்டி மடித்து டிரே செய்வது, வெல்டிங். பையன் எல்லாவற்றையும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். வெல்டிங்கில் மட்டும் ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் ராடு, தகடு இரண்டையும் சேர்த்து மேஜையிலிருந்து தூக்கியிருக்கிறான். போகட்டும்.

கவிழ்ந்தது ஃபிட்டிங்கில்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டத்தைப் பார்த்தால், ஃபிட்டிங் என்பது வாத்தியார் செய்து காட்டினால் போதும் என்கிற பட்டியலில்தான் இருக்கிறது. பையனுடைய கல்லூரியில் பழைய ஆள் ஒருவர் இன்ஸ்ட்ரக்டர். "செஞ்சு காட்டறதுக்கு இதென்ன மேஜிக் ஷோவா? ஆளுக்கு ஒரு வைஸ், ஆளுக்கு ஒரு அரம்" என்று சொல்லிவிட்டார்.

முதல் நாளே ஒரு கலவரம். ஒரு பையனைப் பார்த்து, "பாஸ்டர்டை எடுடா" என்றிருக்கிறார். அவன் முகம் சிவந்துவிட்டது. முரட்டு அரத்துக்கும் நைஸ் அரத்துக்கும் நடுவே பல் உள்ள அரத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயரே 'பாஸ்டர்ட் ஃபைல்'தான். கடைக்குப் போய் அப்படிக் கேட்டால்தான் கொடுப்பார்கள்! இன்னொருத்தன் ஹாக்ஸா பிளேடைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் இரும்பைத் தடவிக் கொடுத்திருக்கிறான். முன்னே தள்ளும்போது வெட்டுகிற மாதிரி பல் இருக்க வேண்டும். அவன் பிளேடு பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

கொடுத்த வேலை கேட்பதற்குச் சுலபம். ஐம்பது மில்லிமீட்டர் சதுரத்தில் இரண்டு இரும்புத் துண்டு. ஒன்றில் நடுவே சதுரமாக ஒரு பள்ளம். இன்னொன்றில் அதே அளவுக்குச் சதுரமாக ஒரு நாக்கு. நாக்கு பள்ளத்துக்குள் போய் உட்கார வேண்டும். ஆண் துண்டு, பெண் துண்டு என்றுதான் பட்டறையில் பெயர். இரண்டு பக்கம் ஹாக்ஸாவில் அறுத்து, அடியில் வரிசையாக ஓட்டை போட்டு, உளியால் தட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை அரத்தால் ராவ வேண்டும். மூன்று வாரம் டயம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு மட்டுமே இரண்டு வருஷம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

பையன் மூன்று வாரம் ராவினான். நாக்கு, பள்ளத்துக்குள் 'டக்' என்று போய் உட்கார்ந்தது. ஆடவில்லை, அசையவில்லை. பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினான்.

இன்ஸ்ட்ரக்டர் நாக்குத் துண்டை வெளியே எடுத்தார். அப்படியே புரட்டிப் போட்டுச் சொருகினார். போகவில்லை. பக்கத்துப் பையனுடைய பள்ளத்தில் சொருகினார். ம்ஹூம்.

"பள்ளத்தைக் கோணலா வெட்டினே. அப்புறம் நாக்கையும் அந்தக் கோணலுக்குத் தகுந்த மாதிரி ராவிட்டே. ரெண்டும் கோணல், அதான் பொருத்தம். சம்சாரத்துக்கு இது போதும் தம்பி. ஃபேக்டரிக்குப் போதாது" என்றாராம்.

இதைப் பையன் போனில் புலம்பியபோது எனக்கு மட்டும் சுருக்கென்றது. ஏனென்றால் எங்கள் காமர்ஸிலும் இந்த வியாதி உண்டு. ஒரு கணக்கில் நூறு ரூபாய் தப்பு, இன்னொரு கணக்கில் எதிர்ப்பக்கம் நூறு ரூபாய் தப்பு. இருப்பாய்வு ஜம்மென்று டாலி ஆகிவிடும். ஈடுசெய் பிழை என்று ப்ளஸ் ஒன் புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள். டாலி ஆகிவிட்டதே என்று டீ குடிக்கப் போகிறவன்தான் பின்னால் மாட்டுவான். நான் மாட்டியிருக்கிறேன். அது வேறு கதை.

அடுத்த வாரம் வேறு துண்டு செய்து கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. அதோடு ஒரு புது ரூல். யாருடைய நாக்கு யாருடைய பள்ளத்துக்குப் போகும் என்பதை அன்றைக்குச் சீட்டுப் போட்டு முடிவு செய்வாராம்! படத்தில் போட்ட அளவை நம்பி வெட்டியவன் பிழைப்பான். ஜோடிக்கு ஜோடி அட்ஜஸ்ட் செய்தவன் காலி.

இது அநியாயம் என்று வகுப்பே கத்தியதாம். அப்போதுதான் அந்த மனிதர் ஒரு தீ விபத்தைச் சொல்லியிருக்கிறார். பையன் சொல்லி நான் நம்பாமல் தேடிப் பார்த்தேன், அத்தனையும் நிஜம். 1904 பிப்ரவரியில் அமெரிக்காவில் பால்டிமோர் நகரம் பற்றி எரிந்தது. வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் தீயணைப்புப் படைகள் ஓடி வந்தன. வந்து என்ன பிரயோசனம்? ஊருக்கு ஒரு அளவு. வந்தவர்களில் பல பேருடைய ஹோஸ், பால்டிமோர் தண்ணீர்க் குழாயில் மாட்டவில்லை. கையில் ஹோஸ், எதிரே குழாய், பின்னால் நெருப்பு. முப்பது மணி நேரம் எரிந்து 1,500-க்கும் மேல் கட்டடங்கள் போய்விட்டன. அதற்கு அறுபது வருஷத்துக்கு முன்னாலேயே, 1841-ல், இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்கிறவர் எல்லாப் பட்டறையும் ஒரே மாதிரி மரை வெட்டுங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டிருந்தார். அதுவரை பட்டறைக்குப் பட்டறை வேறு மரை. ஒரு போல்ட்டுக்கு அதனோடு பிறந்த நட்டு மட்டும்தான் ஜோடி. நட்டு தொலைந்தால் போல்ட் விதவை. மரை கழன்ற கேஸ் என்று நாம் சும்மா சொல்கிறோம். மரை சேராமல் ஒரு ஊரே எரிந்திருக்கிறது!

இருக்கட்டும், பையனுக்கு வருவோம். இரண்டு நாள் கழித்துப் பேசினான். குரல் குசுகுசுவென்று இருந்தது.

"மாமா, ஒரு நானூறு ரூபாய் ஜீபே பண்ணுங்க. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்."

வயசுப் பையன். என்னென்னமோ நினைத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால், இரும்புத் துண்டு! பல பேர் வெளியே லேத் பட்டறையில் கொடுத்து மெஷினில் செய்து வாங்கிவிட்டார்களாம். 'காலேஜ் ஜாப்' என்றால் போதும், மறுநாள் ரெடி. மெஷினில் போட்டது தெரியாமலிருக்க, மேலே அரத்தால் நாலு இழுப்பு இழுத்து 'கைவேலை'யாக்கிக் கொடுத்துவிடுவார்களாம். என்ன ஒரு தொழில் தர்மம்!

"எந்தப் பட்டறைடா?"

மவுனம்.

"லொகேஷன் அனுப்பு."

அனுப்பினான். கணபதி. மெயின் ரோட்டிலிருந்து இரண்டாவது சந்து. பேக்கரிக்கு எதிர்ப்புறம்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது அவன் அப்பாவுடைய பட்டறை!

"ஏன்டா, உங்கப்பாகிட்டேயே கேட்டா ஓசியிலயே பண்ணித் தருவாரே?"

"மாமா... அது எங்கப்பான்னு அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப உங்கப்பா என்ன பண்றார்னு சொல்லி வெச்சிருக்கே?"

"பிசினஸ்னு."

சிரிப்பு நின்றுவிட்டது.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்னூர்ப் பக்கத்திலிருந்து 1988-ல், பதினைந்து வயசில், ஒரு பட்டறைக்கு எடுபிடியாக வந்தவர். முதல் ஆறு மாசம் கையில் அரத்தைத் தவிர எதையும் கொடுக்கவில்லையாம். இன்றைக்கு இரண்டு லேத், ஒரு ட்ரில்லிங், ஒரு ஷேப்பிங் மெஷின். மோட்டார் ஷாஃப்ட்டும் பம்ப் புஷ்ஷும் ஜாப் ஒர்க்கில் வரும். மாசக் கடைசியில் பில் வராது. கணக்கு நான்தான் பார்க்கிறேன், அதனால் தெரியும். ஜி.டி.நாயுடு என்றால் மட்டும் அவருக்குக் கண் கலங்கும். பள்ளிக்கூடத்தை முடிக்காத நாயுடு, ஹோட்டலில் சர்வராக இருந்து காசு சேர்த்து ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றி மாட்டித் தொழில் கற்றவர். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் என்ஜினீயரிங் கல்லூரி வந்தபோது அதற்குப் பிரின்சிபாலாகவே இருந்தார். இன்றைய ஜி.சி.டி. அதுதான். படிப்பை நாலு வருஷம் இழுக்காதீர்கள், ரெண்டு வருஷம் போதும் என்று வாதாடிப் பார்த்து, அரசாங்கம் கேட்காததால் விலகிவிட்டார். மச்சான் இதைச் சொன்னால் ஒரு மணி நேரம் சொல்வார்.

நானூறு ரூபாயை அனுப்பவில்லை. மறுநாள் சாயங்காலம் பையனை பைக்கில் ஏற்றிக்கொண்டு நேரே கணபதிக்குப் போய்விட்டேன். பின்னால் உட்கார்ந்தபடி ஒரு வார்த்தை பேசவில்லை அவன்.

மச்சான் விஷயத்தைக் கேட்டார். 'பிசினஸ்' கதையை நான் சொல்லவில்லை. பையனே முணுமுணுத்துவிட்டான். அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"பிசினஸ்தானே கண்ணு பண்றேன். தப்பாச் சொல்லலியே" என்றார்.

பிறகு பழைய இரும்புக் குவியலில் கிளறி ஒரு பட்டைத் துண்டை எடுத்து வைஸில் வைத்தார். நான் ஷேப்பிங் மெஷினைக் காட்டினேன்.

"அதுல போட்டா அரை மணி நேரத்துல முடிஞ்சிருமே மச்சான். ஊர்ப் பசங்களுக்கெல்லாம் அப்படித்தானே போட்டுத் தர்றீங்க?"

"ஊர்ப் பசங்க ஏமாத்துனா அவனவன் அப்பனுக்குத்தான் நட்டம். இவன் ஏமாத்துனா, நான் முப்பத்தஞ்சு வருசமாப் பண்ற வேலை, கடையில நானூறு ரூவாய்க்குக் கெடைக்கிற சாமான்னு நெனச்சுக்குவான் மாப்ளே."

அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை. டியூப் லைட்டுக்குக் கீழே அப்பாவும் பிள்ளையும். வைஸ் வாய் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று பையன் காலுக்கடியில் ஒரு பலகையைப் போட்டார். இடது காலை முன்னால் வைக்கச் சொன்னார். அரத்தின் பல்லில் சாக்பீஸைத் தேய்த்தார். இரும்புத் தூள் பல்லுக்குள் அடைத்துக்கொண்டால் வேலையில் கீறல் விழுமாம், சாக்பீஸ் அதைத் தடுக்குமாம். நான் சாக்பீஸால் கரும்பலகையில்தான் எழுதுவார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பையன் ராவ ஆரம்பித்ததும் மச்சான் என்ன செய்தார் தெரியுமா? திரும்பிக்கொண்டார். அடுத்த நாள் ஜாப்புக்கு லேத்தில் டூல் மாட்டிக்கொண்டே, பையன் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"முன்பக்கம் தூக்குது கண்ணு."

சத்தத்தை வைத்துச் சொல்கிறார்! அரம் மட்டமாகப் போனால் ஒரே சீராக 'ஸ்ர்ர்ர்' என்று வரும். ஊஞ்சல் மாதிரி ஆடினால் நடுவில் சத்தம் உடையும். ஆடினால் என்ன ஆகும்? இரும்பின் இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் மேடு நிற்கும். ஆரம்பத்தில் இடது கை அழுத்தம் அதிகம், போகப் போக வலது கைக்கு மாற்ற வேண்டும். திரும்பி வரும்போது அழுத்தவே கூடாது, வெட்டாது, பல்தான் மழுங்கும். சொல்ல மூணு வாக்கியம். செய்ய ஆறு மாசம்.

நானும் சும்மா இல்லை. பக்கத்து வைஸில் ஒரு துண்டை வைத்து ராவிப் பார்த்தேன். பத்தே நிமிஷம். மூச்சு வாங்கியது. மூலைமட்டத்தை வைத்து லைட்டுக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் கேட்டைத் திறந்துவிட்ட மாதிரி வந்தது! மச்சான் பார்த்துவிட்டு, "நீங்க பில்லு போடுங்க மாப்ளே" என்று மரியாதையாகச் சொன்னார்.

பையன் துண்டைப் பிடித்துப் பார்க்கும்போது முதலில் ஒரு பிறைச் சந்திரன் மாதிரி வெளிச்சம் தெரிந்தது. பிறகு ஒரு கோடு. பிறகு ஒரு மூலையில் மட்டும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியை எடுக்கப் போய் இன்னொரு மூலையில் வர வைத்தான். பதினோரு மணிக்கு அக்கா போன் செய்து, "என்ற பையனை என்ன பண்றீங்க?" என்று சத்தம் போட்டாள். "படிச்சிட்டிருக்கான்" என்றார் மச்சான்.

நாலு ராத்திரி இப்படியே போயிற்று. மச்சான் ஒரு தடவை கூட அரத்தைக் கையில் வாங்கவில்லை. ஒரே ஒரு முறை, பையன் முழங்கைக்குக் கீழே உள்ளங்கையை ஏந்திப் பிடித்து, கூடவே முன்னும் பின்னும் போனார். அவ்வளவுதான்.

சீட்டுப் போடுகிற நாள் வந்தது. அன்று மத்தியானமே பையன் போன் செய்துவிட்டான். அவன் நாக்குக்குச் சீட்டில் விழுந்த பள்ளம் அவன் நண்பனுடையது. வெளியே செய்து வாங்கிய அயிட்டம். அதாவது, மச்சான் செய்தது! உள்ளே போயிற்றாம். புரட்டிப் போட்டும் போயிற்றாம்.

இன்ஸ்ட்ரக்டர் அந்தப் பள்ளத்தை மட்டும் எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்திருக்கிறார். மேலே அரக் கோடு, அதற்குக் கீழே சீராக ஓடுகிற வேறொரு கோடு.

"இது ஷேப்பிங் மெஷின் வேலை. யார் போட்டுக் கொடுத்தது?"

நண்பன் திருதிருவென்று முழித்தானாம். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்கப்பா சார்."

"என்னடா இப்படிப் போட்டு உடைச்சுட்டே?" என்றேன்.

"தெரியல மாமா. வாயில வந்துருச்சு."

வகுப்பு ஹோவென்று சிரித்திருக்கிறது. இன்ஸ்ட்ரக்டர் சிரிக்கவில்லையாம். பள்ளத்தையும் பையன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அளவு கரெக்டா இருக்குன்னு உங்கப்பாகிட்ட சொல்லு. மேல அரம் இழுத்ததுதான் பத்தலைன்னு சொல்லு" என்றாராம். நண்பனுக்கு முட்டை. பையனுக்குப் பத்துக்கு ஏழு. ஒரு மூலையில் வெளிச்சம் இன்னும் கசிகிறதாம்.

மார்க்கைக் கேட்டதும் மச்சான், "எந்த மூலை?" என்று மட்டும்தான் கேட்டார்.

அடுத்த வாரம் நான் கணக்கு எழுதப் பட்டறைக்குப் போயிருந்தேன். காக்கிச் சட்டையில் இரண்டு பையன்கள் வந்து நின்றார்கள். "அண்ணா, காலேஜ் ஜாப்" என்றார்கள். மச்சான் நிமிரவில்லை. "ஜாப் பண்றதில்லைங்க தம்பி. ரெண்டு வைஸ் சும்மாத்தான் கெடக்குது. அரம் நான் தர்றேன். நீங்களே வந்து ராவிக்கோங்க. மணிக்கு முப்பது ரூவா" என்றார்.

காமர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். போன செமஸ்டரில் 'காலேஜ் ஜாப்' என்று வந்தது, நானூறு வீதம், இருபத்தியொன்று. இனிமேல் மணிக்கு முப்பது. இதில் டியூப் லைட் கரண்ட், தேய்கிற அரம், சாக்பீஸ்.

இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை.